தோலும் ஒரு சிவப்புக் கோடும்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை என் மனைவியின் முன்கைத் தோல் கிழிந்தது. விழவில்லை, கத்தி படவில்லை. பால் கறக்க வருகிறவருக்குத் தொழுவத்துக் கதவைத் திறக்கப் போனவள் தாழ்ப்பாளில் கையை லேசாக உரசிவிட்டாள், அவ்வளவுதான். உள்ளே வந்து, "ஏங்க, இத கொஞ்சம் பாருங்க" என்றாள். நனைந்த காகிதத்தை நகத்தால் தள்ளினால் ஓரமாகச் சுருளுமே, அப்படி இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் சுருண்டு கிடந்தது. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. அவளுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரிய இன்னும் நாலு நாள் ஆனது.

கண் புரை, மூட்டு வலி, சர்க்கரை பற்றியெல்லாம் எழுதியாகிவிட்டது. தோலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அது பெண் பிள்ளைகளும் கிரீம் விற்கிறவர்களும் கவலைப்படும் சமாசாரம் என்றுதான் 74 வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லும் வேலையில் ஆரம்பித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் தள்ளியவன். மனைவிக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். ஓய்வு பெற்ற பின் அவளுடைய அப்பா வீட்டைப் பழுது பார்த்து இங்கே வந்துவிட்டோம். வரும்போது விழுப்புரம் மாவட்டம்; 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு நாங்கள் வீடு மாறாமலே மாவட்டம் மாறியவர்கள். ஊரில் பெரிசுகள் எல்லாம் என்னை இன்னமும் "மாப்ள" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலையில் முடி இல்லாத, பல்லில் பாதி இல்லாத மாப்பிள்ளை.

கடலோரத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர்க் காற்றே புதுசு. புதுச்சேரியில் வியர்வை காயாது. இங்கே ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஒரு வறண்ட காற்று வர ஆரம்பித்தால் உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூசினாற்போல் வெள்ளை பூக்கும். போர் தண்ணீர் வேறு. சோப்பு போட்டால் நுரை வராது, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு நம் உடம்பிலும்தான் உட்காருகிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முந்தின வருஷ மார்கழியில்தான் அவளுக்கு அரிப்பு ஆரம்பித்தது. பகலில் வேலையில் தெரியாது. ராத்திரி போர்வைக்குள் போனதும் காலையும் கையையும் பிறாண்டிக்கொண்டே இருப்பாள். பக்கத்துப் படுக்கையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது பெரிய வேதனை. வேப்பிலை அரைத்துப் பூசினோம், மஞ்சள் பூசினோம். அவள் அண்ணி கொடுத்த ஏதோ தைலம் பூசினோம். எதற்கும் அடங்கவில்லை. ஒரு நாள் பென்ஷன் எடுக்கப் போன இடத்தில், ஒரு மருந்துக் கடையில் நின்று, "வயசானவங்களுக்கு அரிப்புக்கு ஏதாவது இருக்கா தம்பி" என்று கேட்டேன். பையன் யோசிக்கவே இல்லை. "இத போடுங்க தாத்தா, மூணு நாள்ல நின்னுரும்" என்று ஒரு ட்யூபைக் கொடுத்தான்.

மூன்று நாள்கூட ஆகவில்லை, இரண்டாம் நாளே நின்றுவிட்டது. அவள் தூங்கினாள், நானும் தூங்கினேன். அந்தப் பையனை மனசுக்குள் வாழ்த்தினேன். ட்யூப் தீர்ந்து ஒரு வாரத்தில் அரிப்பு திரும்பியது. மறுபடி ட்யூப். மறுபடி தூக்கம். இப்படியே கோடை வந்து, ஆடி போய், மறு மார்கழியும் வந்துவிட்டது.

கை கிழிந்த அன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த நர்ஸ் அம்மா நல்ல விவரம். சுருண்ட தோலைக் கத்தரிக்கவில்லை. உப்புத் தண்ணீரால் கழுவி, நனைத்த பஞ்சால் மெல்ல உருட்டி உருட்டிப் பழைய இடத்திலேயே விரித்து வைத்து, ஒட்டாத துணி வைத்து மேலே கட்டுத் துணி சுற்றினார். "பிளாஸ்திரி மட்டும் ஒட்டிராதீங்க ஐயா, பிரிக்கும்போது மிச்ச தோலும் அதோட வந்துரும்" என்றார். பிறகு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய காரியம். 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்களே, அதில் ஒன்று. முன்பெல்லாம் தோலுக்கு என்றால் சேலம் போகணும், இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர்.

தோல் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டர் அம்மா. என் பேத்தியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். டார்ச் லைட்டை எடுத்து முதலில் விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு மடிப்பு எல்லாம் பார்த்தார். "ஐயா, உங்களுக்கும் அரிக்குதா? வீட்ல வேற யாருக்காவது?" என்றார். இல்லை என்றேன். ராத்திரி அரிப்பு என்றால் முதலில் சிரங்கைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். அது ஒரு பூச்சி. ஒருவருக்கு வந்தால் வீடு முழுக்க வரும். அதற்கு மருந்து வேறு. பிறகு காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தோல், வறண்ட ஏரி வெடித்த மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. கூட இருந்த மாணவர்களிடம், "எக்ஸிமா கிராக்கெலே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராக்கெலே! பீங்கான் பாத்திரத்தின் மேல் பூச்சில் வலை மாதிரி ஓடும் மெல்லிய விரிசலுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். எங்கள் பள்ளிக்கூட முசியே வீட்டில் அப்படி ஒரு பூச்சாடி இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன் கேட்ட வார்த்தையைக் கள்ளக்குறிச்சியில், அதுவும் என் பெண்டாட்டி காலைப் பார்த்து ஒருவர் சொல்வார் என்று நான் நினைத்ததில்லை. வாய் சும்மா இருக்குமா? டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தோல் மருத்துவத்தில் பிரெஞ்சு வார்த்தைகள் நிறைய உண்டு என்றார். நியாயம்தான். பாரிஸில் நாலாம் ஹென்றி மன்னர் 1607இல் பிளேக் நோயாளிகளுக்காக ஏற்படுத்திய சேன் லூயி மருத்துவமனைதான் பின்னால் தோல் நோய்ப் படிப்புக்கே தாய்வீடு. நோய் பிடித்த தோலை அச்சு எடுத்து மெழுகில் செய்த ஆயிரக்கணக்கான மாதிரிகள் அங்கே இன்னும் இருக்கின்றன.

பிறகுதான் கேட்டார். "இவ்ளோ நாளா என்ன பூசுனீங்க?"

பையிலிருந்து ட்யூபை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. குளோபிட்டசால் என்ற ஸ்டீராய்டு, அதோடு காளானுக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்று கலந்த கலவை. பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமான வகை குளோபிட்டசால். சேர்ந்தாற்போல இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் கணக்கு. "எத்தனை ட்யூப் போட்ருப்பீங்க ஐயா?"

நான் வரவு செலவு நோட்டு எழுதுகிறவன். வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 11 ட்யூப். ட்யூப் ஒன்றுக்கு 30 கிராம். தேதி, விலை எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

இதில் என்னைக் குத்துவது இன்னொன்று. அந்த ட்யூபிலும் அட்டைப் பெட்டியிலும் இடது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பக்கத்தில் அச்சிட்டும் இருக்கிறது. இந்தப் பூச்சு மருந்துகள் முன்பு அந்தக் கட்டுப்பாட்டில் சரியாக அடங்காமல் இருந்தன. நாடு முழுக்க முகம் வெளுக்க, படை ஆற என்று ஆளாளுக்கு வாங்கிப் பூசித் தோல் பாழாவதைப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருஷம் போராடி, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. இதெல்லாம் அந்த டாக்டர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கவர்னர் கையெழுத்துப் போட்ட ஆணையில்கூடக் காற்புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். பதினொரு தடவை கையில் வாங்கிய பெட்டியில் ஒரு சிவப்புக் கோட்டைப் படிக்கவில்லை. கடைக்காரர் மேல் கோபம் உண்டுதான். ஆனால் கேட்டு வாங்கியது யார்?

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நல்ல மருந்துதாங்க ஐயா. இடம் தெரிஞ்சு, அளவு தெரிஞ்சு போட்டா நானே எழுதித் தருவேன். அம்மாவுக்கு வெறும் வறட்சி. அரிப்பை இது அமுக்கிருச்சு, வறட்சி அப்படியே இருந்துச்சு, தோல் மட்டும் மெலிஞ்சு போச்சு" என்றார். முன்கையில் அங்கங்கே கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்ததையும் காட்டினார். வயதானால் தோலுக்கு அடியில் ரத்தக் குழாயைத் தாங்கும் சதை நார் தேய்ந்துவிடும். லேசாக இடித்தாலே ரத்தம் கசிந்து அப்படிக் கன்றும். வெயிலும் வயதும் செய்கிற வேலையை இந்த ட்யூப் வேகமாகச் செய்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க அவள் சாப்பிடுகிற சின்ன மாத்திரையும் அதற்கு ஒத்தாசை. "அந்த மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். ட்யூபையும் சட்டென்று நிறுத்த விடவில்லை. வீரியம் குறைந்த ஒன்றை எழுதிக் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு என்று இறக்கி, ஒரு மாதத்தில் நிறுத்தினார்.

ரத்தப் பரிசோதனையும் எழுதினார். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ஹீமோகுளோபின். இவற்றில் எது கெட்டாலும் உடம்பு அரிக்குமாம். மற்றதெல்லாம் சரி, ஹீமோகுளோபின் 9.2. இரும்புச் சத்து குறைந்தாலும் அரிப்பு வரும். எனக்கு மீனும் தனக்கு ரசமும் வைத்துக்கொள்கிறவளுக்கு வேறெப்படி இருக்கும்! இதையும் நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

தோல் என்பது செங்கல் சுவர் மாதிரி என்று ஒரு விளக்கம் சொன்னார், அதுதான் எனக்குப் பிடிபட்டது. மேல் தோலின் செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் சுண்ணாம்புச் சாந்து. சாந்து இருக்கும் வரை உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கும் அழுக்கு உள்ளே வராது. வயதானால் சாந்து குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பிகளும் ஓய்வு பெறுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அந்த எண்ணெய் நன்றாகவே குறைந்துவிடும். ஆண்களுக்கு அவ்வளவு குறையாது. ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே சோப்பு, அவளுக்கு மட்டும் ஏன் என்று நான் குழம்பியதற்கு விடை அங்கே கிடைத்தது. இருக்கும் கொஞ்சம் சாந்தையும் நாம் தினமும் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் அவர் கொடுத்த முறையில் சேர்க்க வேண்டியதைவிட நிறுத்த வேண்டியதுதான் அதிகம்.

முதலில் குளியல். மார்கழியில் ஆவி பறக்கப் பறக்கக் குளிப்பது என் மனைவிக்கு இருந்த ஒரே சொகுசு. அரிப்பு வேறு அதில் கொஞ்சம் அடங்குகிற மாதிரி இருக்கும். அது போயிற்று. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷத்துக்குள் முடிக்கணும். நார் போட்டுத் தேய்ப்பது கூடாது. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம், இந்த மூன்று இடத்தில் மட்டும். கை காலில் என்ன அழுக்கு இருக்கிறது, தண்ணீரே போதும். "சோப்பு போடாம குளிச்சா குளிச்ச மாதிரியே இல்லயே" என்று அவள் ஒரு மாதம் புலம்பினாள்.

சோப்பு பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதையும் டாக்டர் உடைத்தார். சின்ன வயதில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு மார்சேய் சோப்புக் கட்டி கொண்டுவந்தார். செங்கல் துண்டு மாதிரி சதுரம், வாசனையே இல்லை, மேலே 72 சதவீதம் என்று முத்திரை. சோப்பு பரீட்சையில் வாங்கிய மார்க் என்று நான் நினைத்தேன். அது எண்ணெய்ச் சத்தின் அளவு. அந்தச் சோப்புக்கு 1688இலேயே பதினாலாம் லூயி காலத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள், ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது என்று. நம் ஊர்க் குளியல் சோப்பு உறையிலும் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். 76க்கு மேல் என்றால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். நான் எப்போதும் 76 பார்த்துத்தான் வாங்குவேன். "அது சோப்போட தரம் ஐயா, உங்க தோலுக்குப் பாந்தமா இல்லையான்னு அது சொல்லாது" என்றார் டாக்டர். நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, அமில அளவு 5 பக்கம். எவ்வளவு உசத்தியான சோப்பானாலும் அது காரம், 9, 10 என்று போகும். காரம் இல்லாத குளியல் கட்டி கடைகளில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். மூன்று இடத்துக்கு மட்டும் போடுவதால் ஒரு கட்டி இரண்டு மாதம் வருகிறது.

இரண்டாவதுதான் உயிர் நாடி. குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள் ஏதாவது ஒரு பசையைப் பூசிவிட வேண்டும். உள்ளே போன தண்ணீரை மேலே மூடி போட்டு அடைக்கிற கணக்கு. காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். என்ன பூசுவது? வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் பகலில் கிளிசரின் கலந்த கிரீம், ராத்திரி ஜெல்லி. தேங்காய் எண்ணெய் கேட்டேன். தாராளமாக, என்றார், பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெயும் இன்னொன்றுக்கு மினரல் ஆயிலும் கொடுத்துப் பார்த்து, இரண்டும் சமமாகவே வேலை செய்கிறது என்று 2004இல் எழுதியிருக்கிறார்களாம். வாசனை சேர்த்த எண்ணெய் மட்டும் வேண்டாம். மார்சேய் நினைவில் ஆலிவ் எண்ணெய் என்றேன். அது வேண்டாம், தோலின் சாந்தை அது கரைக்கும் என்றார். மன்னர் சட்டம் சோப்போடு சரி.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட என் மனைவி சம்மதிக்கவில்லை. எண்ணெய் நல்லதுதான், அதற்குப் பிறகு போடுகிற அரப்புதான் வில்லன். இந்தப் பக்கம் உசிலை இலையைக் காய வைத்து இடித்த அரப்பை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்ப்பார்கள். எண்ணெய்யோடு உடம்பின் சொந்த எண்ணெய்யும் போய்விடும். இப்போது தலைக்கு மட்டும் அரப்பு. உடம்புக்குப் பயத்தம் மாவு கொஞ்சம், அல்லது வெறும் வெதுவெதுப்புத் தண்ணீர்.

இதில் இரண்டு ஆபத்து உண்டு, கிரீம் டப்பாவில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஒன்று, எண்ணெய்க் காலோடு குளியலறையில் நடப்பது. நம் வயதில் இடுப்பு முறிந்தால் அரிப்பு ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாதத்துக்குக் கடைசியில் பூசி, உடனே செருப்பு. விரல் இடுக்கில் பூசக் கூடாது, ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். சர்க்கரைக்காரர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்கணும். இரண்டாவது, ஜெல்லியும் எண்ணெய்யும் ஊறிய நூல் புடவையும் போர்வையும் தீப்பட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பூசிக்கொண்டு அடுப்படிக்குப் போகாதே என்றேன். "அப்ப காபிய நீங்க போடுங்க" என்றாள். அன்றிலிருந்து காலைக் காபி என் வேலை.

வெயில் விஷயத்தில் மாட்டியது நான். என் முகத்தின் இடது பக்கத்தை டாக்டர் தொட்டுப் பார்த்து, "ஐயா டிரைவரா இருந்தீங்களா?" என்றார். இல்லை, எழுத்தர் என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே மேசை, இடது கைப் பக்கம் மேற்கு ஜன்னல். கண்ணாடிதான் இருக்கிறதே என்று திரை போடவில்லை. கண்ணாடி, வெயிலில் சுடுகிற கதிரை நிறுத்தும். சுருக்கம் போடுகிற புற ஊதா ஏ கதிரை நிறுத்தாது. அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. ஜன்னல் பக்கத்துக் கன்னம் தொண்ணூறு வயதுக் கிழவருக்கு, மறு கன்னம் அவர் வயதுக்கு. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். என் கன்னமும் அந்தச் சங்கதிதான். அரசாங்கம் பென்ஷனோடு கொடுத்த இன்னொன்று.

எங்களுக்கு அவர் சொன்னது சுலபம். ஒன்பது மணிக்குள் வெளி வேலை, பிறகு நாலு மணிக்கு மேல். முழுக்கைச் சட்டை, குடை. அவளுக்கு என் பழைய முழுக்கைச் சட்டைதான். கரும்புக் கொல்லைக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் புருஷன் சட்டை போடுவார்களே, அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை என்றார் டாக்டர். தாழ்ப்பாளில் உரசினாலும் சட்டைதான் கிழியும். கல்யாணம், காரியம் என்று பகலில் போனால் முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30 கிரீம். நான் சவரம் செய்துவிட்டுத் தடவும் எரிச்சல் லோஷனையும் படிகாரத்தையும் நிறுத்தச் சொன்னார். ஆறாத புண், திடீரென்று வளரும் அல்லது நிறம் மாறும் மச்சம், ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் எதையும் பூசாமல் நேரே வரச் சொன்னார்.

மாசியில் என் தங்கை பிரான்சிலிருந்து வந்தாள். நாற்பது வருஷமாகப் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். வரும்போதெல்லாம் அண்ணிக்கு ஒரு பை நிறைய கிரீம் கொண்டுவருவாள். எல்லாவற்றிலும் ஆந்தி-ரீத் என்று போட்டிருக்கும். சுருக்கத்துக்கு எதிரி என்று அர்த்தம். ஒன்றில் ரெட்டினால் இருந்தது. அது மோசடி இல்லை. வைட்டமின் ஏ குடும்பத்து ட்ரெட்டினாயின், வெயிலில் முதிர்ந்த தோலின் மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கிறது என்று அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் கிளிக்மன் 1986இல் காட்டினார். ரெட்டினால் அதன் சாதுவான தங்கை. (அதே கிளிக்மன் பிலடெல்பியா சிறைக் கைதிகள் மேல் வருஷக்கணக்காக மருந்துகளைப் பூசிச் சோதித்தவர். கிரீம் டப்பாவுக்குள் என்னென்னவோ கதைகள் இருக்கின்றன.) ஆனால் அதைப் போட்டால் ஆரம்பத்தில் தோல் காயும், சிவக்கும், உரியும். தடிமனான தோல் தாங்கும். அவளுடைய தோலுக்கு இப்போது அது ஆகாது.

"அண்ணே, அண்ணி முகத்துக்குப் போட்டா பத்து வயசு குறையும்" என்றாள் தங்கை. என் மனைவி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல செவப்பு கோடு இருக்கான்னு ஒங்க அண்ணன படிக்கச் சொல்லு தாயி" என்றாள். தங்கைக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. அவள் அந்த விஷயத்தில் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

இப்போது அரிப்பு முக்கால் பங்கு இல்லை. அதுவும் உடனே போகவில்லை. ஜெல்லி பூசி மூன்றாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. ட்யூபின் வேகத்துக்குப் பழகியவளுக்கு அந்த மூன்று வாரம் பெரிய சோதனை. இரண்டு ராத்திரி, "அதயே ஒரு தடவ குடுங்களேன்" என்று கேட்டாள். பாதி இருந்த பன்னிரண்டாவது ட்யூபை நான் டாக்டரிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ராத்திரி ஈரத் துணியை அரிக்கிற இடத்தில் போட்டு, மேலே பசை பூசி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நகத்தை நானே வெட்டிவிடுகிறேன். ஹீமோகுளோபின் 11ஐத் தொட்டுவிட்டது. காலில் கிராக்கெலே போய்விட்டது. முன்கை மட்டும் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் தேறும், பழையபடி வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோணல் தழும்பு. காபி டம்ளரை வாங்கும்போது தினமும் என் கண்ணில் படுகிறது.

போன வாரம் அதே மருந்துக் கடைக்குப் பெட்ரோலியம் ஜெல்லி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, கையில் பேரக் குழந்தை, முகத்தில் படை. பையன் பழகிய கையோடு அலமாரியிலிருந்து அந்த ட்யூபை எடுத்தான். "தம்பி, ஒரு நிமிஷம்" என்று பெட்டியை வாங்கி அந்த அம்மாவுக்குச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். பையனுக்குக் கோபம். "தாத்தா, நீங்களே எங்கிட்ட எத்தன வாங்கிருப்பீங்க" என்றான். "பதினொண்ணு, கடைசியா ஒண்ணு" என்றேன். அந்த அம்மா என்னையும் ட்யூபையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். டாக்டரிடம் போனாரா, வேறு கடைக்குப் போனாரா, தெரியாது.

கார்த்திகை பிறந்துவிட்டது. நேற்றே காற்று மாறியிருக்கிறது, உதடு எரிகிறது. அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிக்கு மறுபடி காட்டப் போக வேண்டும். இந்தத் தடவை என் இடது கன்னத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு சொரசொரப்பான திட்டையும் காட்டச் சொல்லி அவள் உத்தரவு. போய் வந்து எழுதுகிறேன்.